இந்தப் பட்டத்தின் ஸனது யாருடையது?
இணையவழி முதுமாணி தேடும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

அறபுக் கல்லூரியில் ஓதி முடித்த ஒருவரைச் சந்தித்தால் நம் பெரியவர்கள் முதலில் கேட்பது, "எங்கே ஓதினீர்கள்? யாரிடம் ஸனது வாங்கினீர்கள்?" என்பதைத்தான். எத்தனை கிதாபு ஓதினார் என்பதெல்லாம் பிறகு வரும். ஸனதில் கையொப்பமிட்ட உஸ்தாதுக்கு அந்த உரிமையைக் கொடுத்தவர் யார், அவருக்குக் கொடுத்தவர் யார் என்று அது சங்கிலியாகப் போகும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துவிட்டால், தாள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை.

இன்று நம் வீட்டுப் பெண்களின் கைத்தொலைபேசிக்கு நாள்தோறும் விளம்பரங்கள் வருகின்றன. "வீட்டிலிருந்தபடியே முதுமாணிப் பட்டம்", "குறைந்த கட்டணம்", "சர்வதேச அங்கீகாரம்" என்று அவை அழைக்கின்றன. ஆசிரியையாக, அபிவிருத்தி உத்தியோகத்தராக, வங்கி ஊழியராக வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு இது நல்ல வாய்ப்பாகவும் அமையலாம், நகையும் போய் வருடமும் போகும் பொறியாகவும் முடியலாம். இரண்டையும் பிரித்தறிய, ஸனது விடயத்தில் நாம் கேட்கும் அதே கேள்வியை இங்கும் கேட்டால் போதும்.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிதல்ல

தூரத்துப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைத் தேடிப் பெறுவது நம் மண்ணில் பழைய வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை இருவருமே வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற யாழ்ப்பாணத்தார். லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதலே வெளிவாரி மாணவர்களுக்குப் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுத்துவந்தது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறக்கும் வரை, அந்த லண்டன் பரீட்சைகளுக்கே மாணவர்களை ஆயத்தம் செய்தது.

வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அக்கல்லூரியில் படித்தவர்தான். 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். பிறகு 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கி, வசதியற்ற பிள்ளைகள் படிக்க வழி செய்தார். ஆகவே வகுப்பறை எங்கே இருந்தது என்பதை வைத்துப் பட்டத்தின் மதிப்பு தீர்மானமாவதில்லை. அதைக் கொடுத்தவருக்கு உரிமை இருந்ததா, அதைக் கேட்டவர் ஏற்றுக்கொண்டாரா என்பவையே அதைத் தீர்மானித்தன.

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது எத்தனையோ பெண்பிள்ளைகளின் படிப்பு நடுவில் நின்றது. மீளக் குடியேறிய குடும்பங்கள் பல, இன்றும் புத்தளத்தில் ஒரு கால், சோனகத் தெருவில் ஒரு கால் என்றே வாழ்கின்றன. இத்தகைய குடும்பத்துப் பெண்ணுக்கு, ஊர் மாறினாலும் விட்டுப்போகாத படிப்பு பெரிய உதவி. அதனாலேயே அது ஏமாற்றமாகிவிடக் கூடாது என்று கவலைப்படுகிறோம்.

முதலில், எதற்காக?

"முதுமாணி படிக்கப் போகிறேன்" என்பதற்கு முன்னால், "எந்தப் பதவிக்காக?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசாங்க உத்தியோகமானால் ஒவ்வொரு சேவைக்கும் பிரமாணக் குறிப்பு உண்டு. எந்தப் பதவியுயர்வுக்கு எந்தத் தகைமை வேண்டும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். விளம்பரத்தைப் படிப்பதற்கு முன் அதைப் படியுங்கள்.

ஓர் உதாரணம். பட்டதாரி ஆசிரியை ஒருவருக்குத் தொழில்சார் தகைமையாக முதலில் கேட்கப்படுவது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. அதை முடிக்காமல் எங்கோ ஓர் இணையவழி முதுமாணிக்குப் பணம் கட்டினால், கூரை போட்ட பிறகு அத்திவாரம் தோண்டுவதாக ஆகும். அந்த டிப்ளோமாவை இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தமிழ் மொழியிலும் நடத்துகிறது. 1980இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் பிராந்திய நிலையம் உண்டு. திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் பட்டப்பின் கற்கைநெறிகளை நடத்துகிறது. வெளிநாட்டுப் பெயரில் மயங்குமுன் வீட்டு வாசலில் இருப்பதை விசாரித்துப் பார்ப்பது நல்லது.

அங்கீகாரத்தை யாரிடம் கேட்பது?

விற்பவரிடம் கேட்டால் "எல்லாம் அங்கீகாரம் உள்ளது" என்றுதான் சொல்வார். கேட்க வேண்டிய இடங்கள் வேறு.

உள்நாட்டில், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டமே அடிப்படை. அரச பல்கலைக்கழகங்கள் அதன் கீழ் வருகின்றன. தனியார் நிறுவனம் தானே பட்டம் வழங்குவதானால், அச்சட்டத்தின் 25அ பிரிவின்படி வர்த்தமானியில் பிரசுரமாகியிருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. குறிப்பிட்ட அந்தப் பட்டத்தின் பெயரும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டுப் பட்டமானால், அந்தப் பல்கலைக்கழகம் அதன் சொந்த நாட்டில் சட்டப்படி பட்டம் வழங்கும் உரிமை பெற்றதா என்பது முதற் கண்ணி. நம் நாட்டுப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை அடையாளம் காண்கிறதா என்பது இரண்டாவது. உங்கள் திணைக்களம் அதை ஏற்கிறதா என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தால்தான் சங்கிலி முழுமையாகும். யாழ்ப்பாண நகரத்திலோ கொழும்பிலோ அலுவலகம் வைத்திருக்கும் முகவர் இச்சங்கிலியில் ஒரு கண்ணியே அல்ல. அவர் பணம் வாங்குபவர் மட்டுமே.

கேள்விப்பட வேண்டிய இரண்டு செய்திகள்

2015 மே மாதத்தில் அமெரிக்காவின் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை கராச்சியின் அக்ஸாக்ட் என்ற கம்பனியைப் பற்றி எழுதியது. நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்களின் பெயரில் இணையத்தளங்களை உருவாக்கி, உலகெங்கும் பட்டங்களை விற்றுவந்தது அந்தக் கம்பனி. அப்பல்கலைக்கழகங்களுக்கு அங்கீகாரம் கொடுத்ததாகக் காட்டப்பட்ட சபைகளின் இணையத்தளங்களையும் அதுவே தயாரித்திருந்தது! பொய் உஸ்தாதுக்குப் பொய் உஸ்தாதே ஸனது எழுதிய கதை இது. ஆகவே "அங்கீகாரம்" என்ற சொல்லைக் கண்டதும் நின்றுவிடாமல், அதைக் கொடுத்த சபை யார், அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்த அரசு எது என்று இன்னும் ஒரு படி மேலே போய்ப் பாருங்கள்.

இரண்டாவது செய்தியில் போலி எதுவும் இல்லை. சிதம்பரத்தில் 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அறியாத தமிழர் இல்லை. ஆயினும் அதன் தொலைக்கல்விப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரையே அனுமதி இருந்தது என்று இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 மார்ச்சில் பகிரங்க அறிவித்தல் விடுத்தது. பல்கலைக்கழகம் பெரியது, பெயர் பெற்றது. அந்தப் படிப்பு முறைக்கு, அந்த ஆண்டுகளில் அனுமதி உண்டா என்பதுதான் கேள்வியாயிற்று. இந்தியாவில் தொலைக்கல்விக்கும் இணையவழிக் கல்விக்கும் அனுமதி தனித்தனியே வழங்கப்படுகிறது. 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்த பல்கலைக்கழகமாயினும் வேறெதுவாயினும், நீங்கள் சேரும் ஆண்டுக்கு, நீங்கள் சேரும் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே சேருங்கள்.

இலக்கம் ஒன்று, பொருள் வேறு

"லெவல் 7" என்ற சொல் பலரைக் குழப்புகிறது. இங்கிலாந்தில் ஏழாம் மட்டம் என்பது முதுமாணித் தரம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஏழாம் மட்டம் பட்டப்பின் சான்றிதழ்தான். எட்டாவது பட்டப்பின் டிப்ளோமா. முதுமாணி ஒன்பதாம், பத்தாம் மட்டங்களில் வருகிறது.

இங்கிலாந்தின் ஏழாம் மட்ட டிப்ளோமாவையும் முதுமாணி என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே முதுமாணிக்குப் பொதுவாக 180 திறமைப் புள்ளிகள் வேண்டும். 120 புள்ளிகளுடன் நின்றால் டிப்ளோமாதான். மீதியை முடிக்க இன்னொரு பல்கலைக்கழகத்தில், இன்னொரு கட்டணம் கட்ட வேண்டிவரும். முகவர் இதை முதலில் சொல்வதில்லை.

மலிவு என்றால் என்ன?

விளம்பரத்தில் காணும் தொகை பெரும்பாலும் பாடக் கட்டணம் மட்டுமே. பதிவு, பரீட்சை, மறுபரீட்சை, ஆய்வுக் கட்டுரை, பட்டமளிப்பு, சான்றிதழ் உறுதிப்படுத்தல் ஆகியவற்றின் கட்டணங்களையும், கொழும்புக்குப் போய்வர வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அதுவே உண்மையான விலை.

டொலரில் தவணை கட்டுவதானால் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதத்தில் 360 ரூபாயளவில் நின்றது. 2,000 டொலர் பாக்கி வைத்திருந்த ஒருவருக்கு 4 இலட்சமாக இருந்த கடன் இரண்டே மாதத்தில் 7 இலட்சத்து 20 ஆயிரமாயிற்று. நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் இத்தகைய படிப்பில் இறங்குவது, பட்டம் வருமுன்பே வீட்டின் நிம்மதியைக் கெடுத்துவிடும்.

வாரம் 15 மணித்தியாலம்

விளம்பரம் உண்மையா என்று சோதிக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப் புள்ளிக்கு 50 மணித்தியாலக் கற்றல். ஒன்பதாம் மட்ட முதுமாணிக்கு 30 புள்ளிகள். ஆக 1,500 மணித்தியாலம். ஆறு மாதத்தில் முடிப்பதானால் வாரம் 57 மணித்தியாலத்துக்கு மேல் படிக்க வேண்டும். பாடசாலையில் கற்பித்து, வீட்டில் சமைத்து, பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு இது நடக்கிற காரியமா? "ஆறே மாதத்தில் முதுமாணி" என்பவர் படிப்பை விற்கவில்லை, தாளை விற்கிறார்.

இரண்டு வருடத்தில் முடிப்பதானால் வாரம் 15 மணித்தியாலம் வருகிறது. இது முடியக்கூடியதுதான். ஆனால் அந்த 15 மணித்தியாலத்தை அவருக்கு யார் தருவது? தொழுகையும் சமையலும் முடிந்து, எல்லோரும் உறங்கிய பின் மிஞ்சும் நேரத்தில் படிக்கட்டும் என்று விட்டுவிட்டால், பணம் கட்டியும் படிப்பு பாதியில் நிற்கும். மனைவியின் பதவியுயர்வால் வரும் சம்பளம் குடும்பம் முழுவதற்கும் உதவுமென்றால், வேலையையும் குடும்பம் முழுவதும் பகிர்வதே நியாயம். வாரத்தில் இரண்டு மாலைகள் கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், மாமியார் ஒரு வேளை அடுப்பைப் பொறுப்பேற்கட்டும். விண்ணப்பப் படிவம் நிரப்புமுன் வீட்டாரை உட்காரவைத்து இதைப் பேசி முடியுங்கள்.

பணம் கட்டுமுன்

ஒரு கடிதம் எழுதுங்கள். பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர், நாடு, பட்டத்தின் சரியான பெயர், திறமைப் புள்ளிகள், இணையவழியா தொலைக்கல்வியா என்ற விபரங்களைக் குறிப்பிட்டு, "இப்பட்டத்தை எனது பதவியுயர்வுக்கு ஏற்பீர்களா?" என்று கேளுங்கள். ஒரு பிரதி உங்கள் வலயக் கல்வி அலுவலகத்துக்கோ திணைக்களத்துக்கோ போகட்டும், இன்னொன்று மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போகட்டும். வளைகுடாவில் வேலை தேடுவதானால் அந்நாட்டில் தொலைக்கல்விப் பட்டத்துக்கு உள்ள நிபந்தனைகளையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

தொலைபேசியில் சொன்ன வார்த்தையை நம்பி இருந்துவிடாதீர்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். வந்த பதிலையும் கட்டிய ஒவ்வொரு ரசீதையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். "இன்றே சேர்ந்தால் பாதிக் கட்டணம்" என்று அவசரப்படுத்துபவரிடம், "கடிதத்துக்குப் பதில் வரட்டும்" என்று சொல்லுங்கள். நல்ல பல்கலைக்கழகம் அடுத்த தவணையிலும் இருக்கும்.