கொத்மலைத் தண்ணீரில் இறங்குமுன்

பள்ளிக்கூட லீவு வந்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கொத்மலைத் தண்ணீர்தான் நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை என்றால் குளிக்க, உடுப்புத் துவைக்க என்று பெரியவர்களும் போகிறோம். போகவே வேண்டாம் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆகவே அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்கிறோம்.

கொத்மலை நீர்த்தேக்கம் குளம் அல்ல. மகாவலித் திட்டத்தில் கொத்மலை ஓயாவை மறித்து, 87 மீட்டர் உயர அணை கட்டி, 1985இல் திறந்தார்கள். ஊர், வயல், கோவில், தேயிலை நிலம் எல்லாம் அப்படியே உள்ளே போயின. கடும் வறட்சியில் தண்ணீர் வற்றும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரியும்.

குளத்தில் ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இங்கே நாம் கால் வைப்பது மலைச்சரிவில். முழங்கால் தண்ணீரில் நிற்கிற பிள்ளை இரண்டு எட்டு வைத்தால் தலைக்கு மேலே போய்விடலாம். அடியில் கல்லும் மரக்கட்டையும் கிடக்கும். தலைகீழாகக் குதிக்கவே கூடாது. "போன மாசம் குளிச்ச எடம்தானே" என்பதும் சரிவராது. மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுப்பதால் மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வற்றிய கரையில் மேலே காய்ந்து தெரிகிற சேறு, மிதித்தால் இடுப்பளவு இழுக்கும்.

நீச்சல் தெரிந்தவருக்கும் மலைநாட்டுத் தண்ணீரின் குளிர் ஆபத்துதான். வேர்க்க வேர்க்கக் குதித்தால் மூச்சு வாங்கி, அந்த மூச்சிலேயே தண்ணீர் உள்ளே போகும். மெதுவாக இறங்குங்கள். குடித்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு நாம் என்ன சொல்வது, வீட்டு அம்மாமார்தான் தடுக்க வேண்டும்.

ஓயாவில் குளிப்பவர்கள் மேலே எங்கே மழை என்று பாருங்கள். நமக்கு வெயிலடித்தாலும் நுவரெலியாப் பக்கம் மழை கொட்டினால் தலவாக்கலையில் உள்ள மேல் கொத்மலை அணையின் வான்கதவுகளைத் திறப்பார்கள். சைரன் கேட்டால் துணியை விட்டுவிட்டு உடனே கரையேறுங்கள். சைரன் கேட்காவிட்டாலும் தண்ணீர் கலங்கி, சருகு அடித்து வந்தால் அதுவே போதும்.

தண்ணீரில் தத்தளிக்கிற பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது. வாயைத் தண்ணீருக்கு மேலே வைக்கவே அதற்கு நேரம் போதாது. அதனால் சின்னப்பிள்ளைகள் இறங்கினால் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்க வேண்டும். ஒருவர் தாழ்ந்தால் பதறிக் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து இழுத்துவிடுவார். சேலையை முறுக்கி வீசுங்கள், கம்பை நீட்டுங்கள், மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கேனைப் போடுங்கள். அது மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம்.

கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது நம்மிடையே பழக்கம். அதை விட்டுவிடுங்கள். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு நடு நெஞ்சை 30 தடவை அழுத்தி 2 தடவை ஊதுங்கள். மூச்சு வரும்வரை இதையே செய்யுங்கள். இன்னொருவர் 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடட்டும்.

பிழைத்து எழுந்துவிட்டாலும் தேத்தண்ணி கொடுத்து லயத்திலேயே படுக்கவைத்துவிடாதீர்கள். நெஞ்சுக்குள் போன தண்ணீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சு முட்டலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.