உங்களுக்குத் தெரியுமா? பலகையில் அமர்ந்து ஓட்டிய பாய்மரம்

பாக் நீரிணைக் கரையில் அதிராம்பட்டினம், தொண்டி பக்கம் ஓடிய ‘வத்தை’ எனும் பாய்மரப் படகுகளுக்கு ஒரே நாளில் இரண்டு காற்று. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால், விடியுமுன் கரைக்காற்று கடலை நோக்கி வீசும். புறப்பட அதுவே நேரம். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று எழும். கரை திரும்ப அது உதவும். இடைப்பட்ட வேளையில் காற்று செத்துக் கிடந்தால் துடுப்புதான் கதி.

வாடைக் காற்றோ கச்சான் காற்றோ பலத்து வீசினால் ஒடுக்கமான வத்தை சாயும். அதற்குச் செய்திருந்த ஏற்பாடு அபாரமானது: குறுக்காக ஒரு நீளப் பலகை. காற்று வரும் பக்கம் அதை வெளியே நீட்டி, நுனியில் ஆட்கள் போய் உட்காருவார்கள். பாயின் இழுப்பை ஆள் எடை ஈடுகட்டும். காற்று வரும் பக்கம் மாறினால் பலகையும் ஆட்களும் எதிர்ப்பக்கம் போயாக வேண்டும். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகள் குறித்து 1920-ல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பலகையை விவரித்திருக்கிறார்.