ஈய எழுத்திலிருந்து ரிப்பன் மாளிகைக்கு

தி.நகரில் ம.பொ.சி.க்குச் சிலை இருக்கிறது. புடவை எடுக்க வருகிற கூட்டத்தில் நின்று பார்ப்பவர் குறைவு. பார்ப்பவருக்கும் ‘சிலம்புச் செல்வர்’ என்ற பட்டம்தான் ஞாபகம் வரும். பத்திரிகைக்காரராக இருந்து சென்னை மாநகராட்சி மன்றத்துக்குள் போனவர் என்பது பலருக்குத் தெரியாது.

1906-ல் ஆயிரம் விளக்குப் பகுதியில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ பத்திரிகை அச்சகத்தில் கம்பாசிட்டர் வேலை. கேஸ் முன்னால் நின்று, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக்கில் அடுக்க வேண்டும். எழுத்தெல்லாம் திரும்பித்தான் இருக்கும். அப்படியே வாசிக்கப் பழக வேண்டும். ஒரு வெட்டிச் சொல் கூடினால் அத்தனை எழுத்தையும் கையால் பொறுக்கியாக வேண்டும். அவருடைய முழக்கங்கள் அவ்வளவு கச்சிதமாக இருந்ததற்கு இந்தப் பழக்கம்தான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பிறகு ‘கிராமணி குலம்’, ‘தமிழ் முரசு’, ‘செங்கோல்’ என்று தானே பத்திரிகை நடத்தினார். 1946-ல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார்.

மாநகராட்சியில் அவர் வகித்தது ஆல்டர்மன் பதவி. அதற்கு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்க வேண்டாம், கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்கள். ஜனநாயகத்துக்குப் புறவாசல் என்று குறை சொல்லலாம்தான். ஆனால் அந்த வழியாக வந்தவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

1952 அக்டோபர் 19 அன்று மயிலாப்பூரில், ராயப்பேட்டை நெடுஞ்சாலையிலுள்ள புலுசு சாம்பமூர்த்தியின் வீட்டில், ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் தொடங்கினார் பொட்டி ஸ்ரீராமுலு. 58 நாள் பட்டினி கிடந்து டிசம்பர் 15 இரவு உயிர் துறந்தார். ஆந்திர மாநிலம் உறுதியாயிற்று. சென்னை யாருக்கு என்பதுதான் அடுத்த சண்டை. ‘மதராஸ் மனதே’ (சென்னை நமதே) என்றது ஆந்திரத் தரப்பு. ‘தலை கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்றார் ம.பொ.சி. முதலமைச்சர் ராஜாஜியும் சென்னையை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

‘செங்கோல்’ தலையங்கத்தை டெல்லி படிக்காமலே இருந்துவிடலாம். மேயர் செங்கல்வராயன் தலைமையில் மாநகராட்சி மன்றமே சென்னை தமிழருடையது என்று தீர்மானம் போட்டு அனுப்பினால் அப்படித் தள்ள முடியாது. அது ஊரின் சட்டபூர்வமான வாய். அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் ம.பொ.சி.யின் உழைப்பு பெரிது. 1953 மார்ச் 25 அன்று, ஆந்திரத் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்தான் அமையும் என்று நேரு அறிவித்தார். அக்டோபர் 1-ல் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் பிறந்தது. தீர்மானம் மட்டுமே சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ராஜாஜியின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு.

மாநகராட்சிக் கொடியில் வில், புலி, கயல் ஏறியதும் அவர் முயற்சியால்தான். சாக்கடை, தெருவிளக்கு விஷயத்தில் அவர் பெயர் இந்த அளவுக்கு நிலைக்கவில்லை. பத்திரிகைக்காரரை மன்றத்தில் உட்காரவைத்தால் கண் முதலில் சொல்லின் மேலும் சின்னத்தின் மேலும்தான் போகும் போலிருக்கிறது!

மன்றமே இல்லாத காலத்தையும் சென்னை பார்த்தது. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பத்திரிகைகள் குண்டும் குழியுமான சாலைகளைப் பற்றி எழுதிக்கொண்டேதான் இருந்தன. தீர்மானம் போட மன்றத்தில் ஆள் இல்லை. கோப்பில் கையெழுத்திட்டவர்கள் அதிகாரிகள். இப்போது 200 வார்டுகளுக்கும் கவுன்சிலர்கள் உண்டு, ஆல்டர்மன் பதவிதான் இல்லை. ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியருக்கு இன்று மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் நாற்காலி வேண்டுமென்றால், மயிலாப்பூர் மாடவீதியில் படியேறி இறங்கி ஓட்டுக் கேட்டாக வேண்டும்.