சுதேசிப் புகையும் விஷமே

தென் ஜில்லாவைச் சேர்ந்த தேச ஊழியர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் வரைந்திருக்கிறார். பொது இடங்களில் புகை பிடிப்பதைத் தடுக்கும் சட்டத்தைக் கண்டிப்பாக அமல் நடத்த வேண்டுமென்று நாம் முன்னர் எழுதியது அவருக்கு உவப்பாக இல்லை. அந்நிய மூலதனத்தில் வளர்ந்த சிகரெட்டைக் கண்டிப்பது நியாயமே. ஆனால் நம் காட்டு இலையில், நம் நிலத்துப் புகையிலையை, நம் ஏழைச் சகோதரிகள் சுற்றித் தரும் பீடியையும் அதனுடன் ஒரே கூண்டில் ஏற்றுவது சுதேசி தர்மமாகுமா என்பது அவரது கேள்வி. தமக்கு வயது 42 என்றும், நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி பிடித்தும் இருபது வருஷமாக யாதொரு தீங்கும் நேரவில்லையென்றும் சேர்த்து எழுதியுள்ளார். காலையில் சற்று இருமல் உண்டாம். அதை அவர் மேடைப் பிரசங்கங்களின் கணக்கில் எழுதிவிட்டார்.

இந்த வாதத்துக்கு வயது நூறுக்கு மேல் ஆகிறது. 1905-இல் வங்கப் பிரிவினையை ஒட்டிச் சுதேசிக் கிளர்ச்சி மூண்டபோது, சீமைச் சிகரெட்டைத் துறந்த படித்தவர்களிற் பலர் பீடியைக் கையில் எடுத்தனர். அதுகாறும் ஏழையின் பொருளாக இருந்த பீடிக்கு அன்று ஒரு கௌரவம் கிடைத்தது. துணிக்கும் உப்புக்கும் பொருந்திய நியாயம் புகைக்கும் பொருந்துமென்று அவர்கள் கருதியதை நாம் குறை கூறமாட்டோம். புகையிலையின் குணம் அக்காலத்து வைத்தியர்களுக்கே தெளிவாகத் தெரியாது. தவிர, புகையிலையே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்து இறக்கிய சரக்கு. ஜஹாங்கீர் பாதுஷா 1617-இல் அதைத் தடுத்துப் பார்த்துத் தோற்றார். ‘செரூட்’ என்ற ஆங்கிலச் சொல் நமது ‘சுருட்டு’ என்பதிலிருந்து பிறந்ததாகச் சொல்லுவர். அது பாஷைக்குப் பெருமையாக இருக்கலாம், சுவாசப்பைக்கு அன்று.

விஷயம் தெளிவானது 1950-ஆம் வருஷத்தில். லண்டன் ஆஸ்பத்திரிகளில் சுவாசப்பைப் புற்றுநோய் பெருகிவந்த காரணத்தைத் தேடிய டால், ஹில் என்ற இருவர், மோட்டார் புகையோ சாலைத் தாரோ குற்றவாளியாக இருக்கலாமென்ற சந்தேகத்துடனேயே விசாரணையைத் தொடங்கினர். சாட்சியங்கள் அனைத்தும் சிகரெட்டைச் சுட்டின. விசாரணை முடியுமுன்னரே டால் தமது சிகரெட்டை விட்டொழித்தார். 1951-இல் அவர்கள் இங்கிலாந்தின் டாக்டர்களையே சோதனைக்கு எடுத்துக்கொண்டு ஐம்பது வருஷம் கணக்கு வைத்ததில், 2004-இல் வெளியான முடிவு இது: விடாது புகைத்தவர்கள் சராசரி பத்து வருஷ ஆயுளை இழந்தனர், 60 வயதில் விட்டவர் மூன்று வருஷத்தையும், 50-இல் விட்டவர் ஆறையும், 40-இல் விட்டவர் ஒன்பதையும், 30-இல் விட்டவர் ஏறக்குறைய முழுப் பத்தையும் மீட்டுக்கொண்டனர்.

அது சிகரெட்டின் கதையாயிற்றே, பீடியில் புகையிலை கொஞ்சந்தானே என்று நண்பர் குறுக்கு விசாரணை செய்யலாம். உண்மை, ஒரு பீடியிலுள்ள தூள் சிகரெட்டிலுள்ளதில் ஏறக்குறைய நாலிலொரு பங்குதான். ஆயினும் தாளைப்போலப் பீடி இலை காற்றை உள்ளே விடுவதில்லை. இழுக்காமலிருந்தால் பீடி அணைந்துபோகிறது. அணையாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே குறைந்த தூளிலிருந்து நிக்கோட்டினும், தாரும், கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவும் சிகரெட்டிலிருந்து வருவதைவிட அதிகமாகவே உள்ளே செல்லுகின்றன. அவ்வாயு, ரத்தத்திலுள்ள சிவப்புப் பொருளைப் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் கவ்விக்கொள்ளுவது. மாடிப்படி ஏறுகையில் நண்பருக்கு மூச்சு வாங்குமானால், அதன் காரணத்தை வயதில் மட்டும் தேட வேண்டாம்.

இந்திய நாட்டு மரணங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட அறிக்கையில், பீடி பிடிக்கும் ஆண்கள் சுமார் ஆறு வருஷமும், சிகரெட் பிடிப்போர் சுமார் பத்து வருஷமும் ஆயுளை இழப்பதாகக் கண்டிருக்கிறது. ஆறு பத்தைவிடக் குறைவென்று மகிழுவோர் மகிழட்டும்.

நம் மாகாணத்தவர் முக்கியமாய் அறிய வேண்டியது வேறொன்று. சென்னை நகரிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து 2003-இல் ஒரு முடிவு வெளியாயிற்று. புகைப்போர் க்ஷயரோகத்தால் இறப்பது, புகையாதாரைப்போல நான்கு மடங்குக்கு மேல். நடுவயதில் அந்நோயால் மாண்ட ஆண்களிற் பாதிப்பேரின் மரணம் புகையினாலாயது. புகையின் கெடுதி என்றதும் நாம் புற்றுநோயையும் மாரடைப்பையும் நினைக்கிறோம். ஏழையின் வீட்டில் அது க்ஷயமாக வருகிறது. வந்து, அதே அறையில் உறங்கும் மனைவி மக்களையும் பற்றுகிறது. க்ஷய நிவாரணத்துக்காக நன்கொடை திரட்டும் நம் ஊழியர்கள், கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்று ஒரு பீடியைப் பற்றவைப்பதை நாம் நேரிற் கண்டிருக்கிறோம்.

பீடி சுற்றும் சகோதரிகளின் ஜீவனத்தைப் பற்றி நண்பர் உருக்கமாக எழுதியிருக்கிறார். அந்த உருக்கத்தில் நாமும் பங்காளிகளே. திருநெல்வேலிச் சீமையிலும் வேலூர்ப் பக்கத்திலும் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் சுற்றும் ஸ்திரீகளைக் காணாதவர் யார்? அவர்கள் சுவாசிப்பதும் புகையிலைத் தூசியே. விரல் வழியே நிக்கோட்டின் அவர்கள் உடம்பிலும் ஏறுகிறது. அவர்களுக்கு வேறு தொழில் தேடித்தருவது சர்க்காரின் கடமை, நம் கடமையுங்கூட. அதை நிறைவேற்றாத நாம், அவர்களுக்காகவே புகைக்கிறோம் என்பது கேட்கச் சகிக்காத வாதம்.

சட்டமோ சுதேசி, விதேசி என்று பாராட்டவில்லை. பொது இடத்தில் புகைப்பதைக் கேரள ஹைகோர்ட்டு 1999-இல் தடுத்தது. சுப்ரீம் கோர்ட்டு 2001-இல் தேசம் முழுமைக்கும் அவ்வாறே உத்தரவிட்டது. 2003-இல் சட்டமாகி, 2008 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, அதன் விதிகள் அமலுக்கு வந்தன. மகாத்மா இளமையில் சிற்றப்பன் எறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததையும், அதற்காக வேலைக்காரனின் காசைத் திருடியதையும் ‘சத்திய சோதனை’யில் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இனி, விடுவதெப்படி? இதை எழுதுகிறவன் கோர்ட்டு வராந்தாவில் கற்ற பழக்கத்தைப் பன்னிரண்டு வருஷம் சுமந்தவன். இரண்டு முறை விட்டு இரண்டு முறையும் தோற்றான். இரண்டாந்தரம் தோற்றது துக்கத்தாலன்று. வழக்கு ஜயித்த சந்தோஷத்தில் கட்சிக்காரர் ஒருவர் நீட்டிய ஒரே ஒரு சிகரெட்டால். ஆதலின் மனவுறுதியைப் பற்றிப் பிறருக்கு உபதேசிக்க நமக்கு வாயில்லை. யாதொரு உதவியுமின்றி விடத் துணிவோரில் ஒரு வருஷம் நிலைப்பவர் நூற்றுக்கு ஐவருக்கு மேல் இரார். நிக்கோட்டின் மூளையை எட்டச் சில விநாடிகளே போதும். அவ்வளவு விரைவாகப் பழக்கிய பொருள் எளிதில் விடாது.

படிப்படியாகக் குறைப்பதைவிட, ஒரு தேதியைக் குறித்து அன்றே முழுதும் நிறுத்துவது பலருக்குப் பலித்திருக்கிறது. முதல் மூன்று நாட்கள் கொடியவை. கோபம், தூக்கமின்மை, பசி, மனம் ஒரு நிலையில் நில்லாமை ஆகியன வரும். மூன்று நான்கு வாரங்களில் தணியும். ஆசை எழும்போது சில நிமிஷம் தாக்குப்பிடித்தால் அது தானே இறங்கிவிடும். அந்நிமிஷங்களில் எழுந்து நடப்பது நல்லது. தேநீர்க் கடை பெஞ்சில் அமருவது ஆகாது. தீப்பெட்டி சட்டைப் பையில் இருத்தலும் ஆகாது.

மருந்துக் கடையில் நிக்கோட்டின் கலந்த மெல்லும் பசை விற்கிறது. புற்றுநோயை விளைப்பது பெரும்பாலும் புகையே ஆதலின், பசைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. விழித்த அரைமணிக்குள் பற்றவைப்பவருக்கு நான்கு மில்லிகிராம், மற்றவருக்கு இரண்டு. இதை மிட்டாய்போலக் குதப்பக் கூடாது. நாக்கில் சுரீரென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி, சுரீரென்பது அடங்கியபின் மறுபடி மெல்ல வேண்டும். காப்பி குடித்த கால்மணிக்குள் மென்றால் மருந்து உடம்பிற் சேராது. நம்மவர்க்கு இது பெருஞ்சோதனைதான். வேறு மாத்திரைகளும் உண்டு. அவற்றை டாக்டரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

நண்பரின் காலை இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்திருக்குமானால், நமக்கு மறு கடிதம் எழுதுமுன் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கோழையைப் பரீட்சிக்கக் கொடுக்கட்டும், அதற்குக் கட்டணமில்லை. விடுவதற்கு உதவி வேண்டின் 1800-11-2356 என்ற எண்ணில் காசின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அவர் வாங்கும் கட்டின் மேலேயே அந்த எண்ணை அச்சிட்டிருப்பார்கள்.