மேசைக்கு வந்த சீகிரியா விமானம்



"மௌலவி, மகன் பாடசாலை விட்டு வந்ததும் ஒரு யுத்த விமானத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு குந்திவிடுகிறான். துண்டு துண்டாக ஒட்டுகிறான், சுரண்டுகிறான், வர்ணம் பூசுகிறான். இது மார்க்கத்தில் ஆகுமா?"

மாத்தளைப் பகுதித் தாய்மார் இப்படிக் கேட்கும்போது அவர்களுடைய குரலில் இரண்டு கவலைகள் தெரியும். உருவம் செய்வது ஹராம் என்று கேள்விப்பட்டிருக்கிறோமே என்பது ஒன்று. யுத்தக் கருவியை விளையாட்டுப் பொருளாக்கலாமா என்பது மற்றது. முதலாவதற்கு விடை இலகு. இரண்டாவதற்குச் சற்று நேரம் எடுக்கும்.

உருவங்கள் பற்றி ஹதீஸ்களில் வரும் கண்டனம் உயிருள்ளவற்றைப் பற்றியது. உருவம் சமைத்துப் பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்து தன் நிலையைச் சொன்னபோது, மரத்தையும் உயிரற்ற பொருட்களையும் செய்துகொள்ளும்படி அவர்கள் வழிகாட்டியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். விமானத்துக்கு உயிரில்லை. ஆகவே அதன் மாதிரியைச் செய்வதில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நம் விடயத்துக்கு இன்னும் நெருக்கமான ஒரு செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களுக்கு நடுவே துணியால் இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியும்படி சிரித்தார்கள். இறக்கை வைத்த ஒரு விளையாட்டுப் பொருளைப் பார்த்து நபியவர்கள் சிரித்திருக்க, நாம் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

பெட்டிக்குள் விமானியின் சிறிய உருவம் ஒன்று வருமே என்றால், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என்ற வகையில் அதை அனுமதிக்கும் உலமாக்களும் உண்டு, பேணுதலாகத் தவிர்க்கச் சொல்வோரும் உண்டு. மனம் சஞ்சலப்பட்டால் அதை ஒட்டாமல் விட்டுவிடுங்கள். தரையில் நிறுத்தி வைத்த விமானத்தில் விமானி இருப்பதில்லை, ஆசனம் வெறுமையாக இருப்பதுதான் பொருத்தம். ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அமெரிக்க விமானங்களின் மூக்கில் அரைகுறை ஆடைப் பெண்களை வரையும் வழக்கம் அந்த யுத்தத்தில் இருந்தது. அந்தப் படங்கள் சில பெட்டிகளில் ஒட்டுத்தாளாக வருகின்றன. பெட்டி வீட்டுக்கு வந்ததும் உம்மா ஒரு தடவை பார்த்து, கத்தரிக்கோலால் அதை வெட்டி எறிந்துவிடலாம்.

நம் மாவட்டத்தில் நின்ற விமானம்

மாதிரி விமானம் செய்யும் பிள்ளைகளில் பலர் 'ஸ்பிட்பயர்' என்ற விமானத்தையே விரும்புகிறார்கள். அதன் அழகு அப்படி. ஆனால் மாத்தளை மாவட்டத்துப் பிள்ளைக்குச் சொந்தமான ஒரு விமானம் இருக்கிறது. அது 'லிபரேட்டர்'.

சுற்றுலா போகும் பிள்ளைகள் இனாமலுவைச் சந்தியில் திரும்பிச் சீகிரியாக் குன்றைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதே சீகிரியாவில் இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒரு விமானத் தளம் இயங்கியதும், இன்று இலங்கை விமானப்படையின் வசம் அங்கே ஒரு தளம் இருப்பதும் பலர் கவனிக்காத சங்கதி.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு 'கற்றலினா' நீர்விமானம் தெற்குக் கடலில் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பியது. அனுப்பி முடிப்பதற்குள் அது சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. கடல் மேல் தூரத்துக் கண்கள் இல்லாவிட்டால் இந்தத் தீவுக்குப் பாதுகாப்பில்லை என்பது அப்போது தெளிவாகிவிட்டது. பிரித்தானிய விமானப்படையின் 160ஆம் இலக்கப் படையணி 1943 ஓகஸ்டில் தன் லிபரேட்டர்களோடு சீகிரியாவுக்கு வந்து, ஒரு வருடம் இருந்துவிட்டு, 1944 ஓகஸ்டில் காங்கேசன்துறைக்குப் போனது. பிறகு மின்னேரியா.

அவற்றின் வேலை பெரும்பாலும் பார்ப்பது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் கடலைச் சுற்றுவது, அந்தமான், நிக்கோபார், சுமாத்திரா வரை போய் ஜப்பானியர் வசமிருந்த துறைமுகங்களைப் படம் பிடித்து வருவது. 1945இல் இதே படையணி மின்னேரியாவிலிருந்து சிங்கப்பூர் வரை போய்க் கடற்கண்ணி விதைத்துத் திரும்பியது. ஒரு பயணம் இருபது மணி நேரத்தையும் தாண்டும். ஸுபஹுக்குப் போனவர் மறுநாள் ஸுபஹுக்குக் கொஞ்சம் முன்னர்தான் வீடு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விமானத்தின் கதையில் பெண்களுக்கும் பங்குண்டு. யுத்த காலத்தில் 18,000க்கும் அதிகமான லிபரேட்டர்கள் கட்டப்பட்டன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் போர்ட் கம்பனியின் வில்லோ ரன் தொழிற்சாலை 1944இல் மணிக்கு ஒன்று என்ற வேகத்தில் கட்டி அனுப்பியது. ஒவ்வொன்றிலும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தறையாணிகள். அவற்றை அடித்த கைகளில் ஆயிரக்கணக்கானவை பெண்களின் கைகள்.

யுத்தம் முடிந்ததும் இந்தியாவின் கான்பூரில் பல லிபரேட்டர்களை இனி எவரும் பாவிக்க முடியாதபடி சேதப்படுத்தி விட்டுப் போனார்கள். இந்தியர்கள் அவற்றில் நாற்பதளவைத் திருத்திப் பறக்க வைத்து 1968 வரை பாவித்தார்கள். அவற்றில் ஒன்றை 1974இல் பிரித்தானிய விமானப்படை நூதனசாலைக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். விட்டுப் போனவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த இந்தச் சங்கதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

எழுபத்திரண்டில் ஒன்று

மாதிரி விமானங்களில் அதிகம் காணப்படும் அளவு 72இல் 1. உண்மையில் 6 அடி இருப்பது மாதிரியில் ஓர் அங்குலம். லிபரேட்டரின் இறக்கைகள் நுனிக்கு நுனி 110 அடி. ஆறால் வகுத்தால் பதினெட்டு அங்குலத்துக்குச் சற்று அதிகம், சுமார் 46 செ.மீ. சராசரி மனிதன் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. மகளுக்கோ மகனுக்கோ பின்னக் கணக்கு ஏறாவிட்டால் இந்தப் பெட்டியை வைத்துச் சொல்லிக் கொடுங்கள். அடிமட்டமும் விமானமும் பக்கத்தில் இருக்கும்போது கணக்குக் கசக்காது.

இந்த அளவுக்கு யுத்தத்தோடு ஒரு தொடர்பு உண்டு. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பாடசாலைப் பிள்ளைகளிடம் ஐந்து இலட்சம் மர விமானங்களை இதே அளவில் செய்து தரும்படி கேட்டது. 35 அடி தூரத்தில் பிடித்த மாதிரி, கிட்டத்தட்ட அரை மைல் தூரத்தில் பறக்கும் உண்மை விமானத்தின் அளவாகவே கண்ணுக்குப் படும். எது நம் விமானம், எது எதிரியுடையது என்று வீரர்களுக்குப் பழக்குவதற்காகக் கேட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் செய்ததைப் போல நாமும் மரத்தில் செய்யலாம். நம் பகுதியில் கிடைக்கும் லுணுமிதெல்ல மரம் பாரமில்லாதது, கத்திக்கு இலகுவாக விட்டுக்கொடுக்கும். இறக்குமதிப் பெட்டியின் விலை வீட்டுச் செலவைக் கடித்தால், ஒரு துண்டு லுணுமிதெல்லயும் தடித்த மட்டையும் சாண்ட் பேப்பரும் போதும். பிளாஸ்டிக் பெட்டிதான் வேண்டும் என்றால், முதல் தடவையே நான்கு எஞ்சின் விமானத்தை வாங்கிக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கொழும்பைக் காக்கப் பறந்த 'ஹரிகேன்' விமானம் இதே அளவில் 17 செ.மீ. தான். அதைச் செய்து முடித்த கைக்குப் பெரியதைக் கொடுங்கள்.

வேலை உள்ளேயிருந்து வெளியே போகிறது. விமானியின் அறையை வர்ணம் பூசி முடித்த பிறகே உடலின் இரண்டு பாதிகளையும் மூட வேண்டும். மூடிய பிறகு உள்ளே தூரிகை போகாது. பிளாஸ்டிக்குக்கான பசை ஒட்டுவதில்லை, இரண்டு விளிம்புகளையும் உருக்கி ஒன்றாக்குகிறது. ஆகையால் கூடினால் கெடுதி, ஒரு துளி போதும். ஓரிரவு காய விட்டுப் பொருத்துக் கோட்டைப் புட்டியால் நிரப்பி, தண்ணீர் தொட்டு நுண்ணிய தாளால் தேய்க்க வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள். மாதிரியில் ஒரு மில்லிமீற்றர் பிளவு என்பது உண்மை விமானத்தில் ஏழு சென்றிமீற்றர் பிளவு. எந்த விமானி அதில் ஏறுவான் என்று கேட்டுப் பாருங்கள்.

லிபரேட்டருக்கே உரிய சில நுணுக்கங்கள் உண்டு. வாலில் இரண்டு செங்குத்துச் சிறகுகள். குண்டு அறையின் கதவுகள் வெளியே திறக்காமல், கடைகளில் மேலே சுருட்டும் கதவைப் போல உடலோடு ஒட்டி மேலேறும். எஞ்சின் ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்கள், ஏழு ஏழாக இரண்டு வரிசை. அதைக் கறுப்பாகப் பூசி, வெள்ளி வர்ணம் தொட்ட தூரிகையைத் துணியில் துடைத்து ஏறக்குறைய உலர்ந்த பின் மேலால் தடவினால், வரிகள் மட்டும் உலோகமாக மினுங்கும். கம்பிக்குக் கடைக்குப் போக வேண்டாம். பெட்டியில் மிஞ்சும் பிளாஸ்டிக் தண்டை மெழுகுவர்த்திக்கு மேல் பிடித்து இளகியதும் இழுத்தால் தலைமயிரை ஒத்த இழை வரும். இதைப் பெரியவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும். எஞ்சின் புகைக்கறைக்குச் சிரட்டைக் கரித்தூள். சில்லுகளுக்குச் சீகிரியாப் பக்கத்துச் செம்மண்ணைச் சலித்து ஒரு சிட்டிகை. எந்த வெளிநாட்டுப் பெட்டியிலும் இந்த நிறம் வராது.

கடல் சுற்றும் விமானங்களுக்கு மேலே கடற்சாம்பல் நிறமும், பக்கங்களிலும் அடியிலும் வெள்ளையும் பூசுவது பிரித்தானியர் வழக்கமாக இருந்தது. வெளிச்சமான வானத்தில் இருண்ட பொருள் சீக்கிரம் கண்ணில் படும், வெள்ளை மறையும். பூசுவதற்கு முன் அந்தப் படையணியின் பழைய புகைப்படம் ஒன்றைத் தேடிப் பார்ப்பது நல்லது.

சிவப்பை அழித்த கதை

பெட்டியில் வரும் பிரித்தானிய வட்டச் சின்னம் பெரும்பாலும் நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு என்று இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் அது சீகிரியா விமானமாகாது. ஜப்பானிய விமானங்களின் அடையாளம் சிவப்பு வட்டம். பரபரப்பில் ஒரு சிவப்புப் புள்ளியைக் கண்ட துப்பாக்கிக்காரர் தன் சகோதரனையே சுட்டுவிடக்கூடும் என்று அஞ்சி, நம் பக்கத்துப் போர்முனையில் சிவப்பை நீக்கிவிட்டார்கள். கடும் நீலத்துக்குள் வெளிர் நீலம் வைத்த சிறிய வட்டமே மிஞ்சியது. சிவப்பின் மேல் ஒரு துளி வெளிர் நீலத்தைத் தொட்டு வைக்கும்போது மகன் ஏன் என்று கேட்பான். அப்போது சொல்லுங்கள்.

இதுதான் இரண்டாவது கவலைக்கு நான் சொல்லும் பதிலும். பெயர் தெரியாமல் சுழற்றி 'டுமீல்' என்று கத்தும் பிள்ளைக்கு யுத்தம் விளையாட்டு. ஒரு மாதம் உட்கார்ந்து, இந்த ஆசனத்தில் யார் இருந்தார், இருபது மணி நேரம் எப்படி இருந்தார், திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டுச் செய்யும் பிள்ளைக்கு அது அப்படி இருக்காது. அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது பக்கத்தில் இருந்து கதை சொல்லும் பெரியவர். பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும் வாப்பாமார் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனாலும் எல்லா வீடும் ஒன்றல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில், விமான இரைச்சலைக் கேட்டுப் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பதுங்கு குழிக்குள் இருந்த தாய்மார் இருக்கிறார்கள். அப்படியொரு உம்மாவோ உம்மும்மாவோ வீட்டில் இருந்து, குண்டு விமானத்தின் தோற்றம் அவருக்கு வேதனை தந்தால், அந்த மனதுக்கே முதலிடம். அங்கே கற்றலினாவைச் செய்யட்டும். 1943 முதல் 1945 வரை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் கொக்கலைக்கும் இடையே கற்றலினாக்கள் தபாலும் ஓரிரு பயணிகளுமாகப் பறந்தன. முப்பது மணி நேரமளவு நீளும் பயணம். ஏறியவர் சூரியன் உதிப்பதை இரண்டு தடவை கண்டார். அதில் குண்டு இருக்கவில்லை.

இனிச் சில வீட்டு விடயங்கள். பசையும் வர்ணமும் ஜன்னல் திறந்த இடத்தில். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கத்தியும் சிறு துண்டுகளும் மூடியுள்ள டின்னில். அஸருக்குப் பின் ஒட்டியதை மஃரிபுக்கு வைத்துவிட்டு எழும்பிவிட வேண்டும். காய்வதற்கு அதற்கும் நேரம் வேண்டும்தானே.

லிபரேட்டர் செய்பவர் மறக்கக் கூடாத ஒன்று மூக்கின் எடை. அதற்கு முன்னால் ஒரு சில்லு, நடுவில் இரண்டு. மாதிரி வெறுமையாக இருந்தால் வால் பக்கம் பாரமாகி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். உடலை மூடுவதற்கு முன்பே விமானியின் அறைக்கு அடியில் தூண்டிலுக்குப் போடும் ஈயக் குண்டுகளைப் பசையிட்டு வைக்க வேண்டும். எத்தனை என்பதைச் சில்லுகளின் இடத்தில் ஒரு பென்சிலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்து முடிவு செய்யலாம். ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே சோற்றில் வைக்க விடுங்கள்.