நாயின் ஆகார மாற்றமும் ஜீரணக் கோளாறும்

காவிரிப் பாசனத்து ஊர்களில் நாய்க்கென்று தனியே உலை வைப்பது பழைய வழக்கமன்று. மிஞ்சிய சோற்றை மோரிலோ மீன்குழம்பிலோ பிசைந்து போட்டதைத் தின்று, திண்ணையடியில் படுத்துக் கிடந்து, சம்பா அறுவடையின்போது களத்து நெல்லுக்குக் காவலிருந்த அந்தப் பிராணிக்கு, இப்போது தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பையில் அடைத்து விற்கும் உலர்தீனியை வாங்கிப் போடுகிறார்கள். அதைக் கெட்ட ஆகாரமென்று சொல்வதற்கில்லை. நேற்றுவரை சோறு தின்ற நாய்க்கு இன்று தட்டு நிறையத் தீனியைக் கொட்டிவிட்டு, மறுநாள் அது வாசலெல்லாம் கழியும்போது தீனியின்மேல் பழி போடுவதுதான் நியாயமாகாது.

சோற்றுக்குப் பழகிய குடல்

ஓநாயின் வம்சத்தில் வந்த மாமிசபட்சிணிக்குச் சோறு எப்படிச் செரிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்வீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலையினர் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கணையத்தில் மாவுச்சத்தைக் கரைக்கும் அமிலேஸ் என்னும் நொதிக்குரிய மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளே இருக்க, நாயிடம் 4 முதல் 30 வரை காணப்படுகிறது. மனிதனை அண்டி வாழ்ந்து அவன் தானியத்தில் பங்கு கொண்டதன் பலன் அது.

நாள்தோறும் எது வருகிறதோ அதற்கேற்பக் கணையம் தன் சுரப்பைக் கூட்டியும் குறைத்தும் அமைத்துக்கொள்கிறது. பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் அவ்விதமே மாறுகின்றன. இதற்குச் சில தினங்கள் பிடிக்கும். அதற்குள் கொழுப்பும் புரதமும் மிகுந்த புதிய ஆகாரம் திடீரென்று வந்து சேருமானால், செரியாத பகுதி பெருங்குடலை அடைந்து, நீரை இழுத்துப் புளித்து, வாயுவும் இளகிய மலமுமாக வெளிப்படுகிறது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஆட்டுக்கறி விருந்தில் பங்கு பெற்ற நாய் படும் அவஸ்தையும் இவ்வகையதே. வெந்த எலும்பு சிராய்சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும் அபாயம் வேறு.

மாற்றும் கிரமம்

முதல் இரண்டு மூன்று நாள் பழைய ஆகாரம் முக்கால் பங்கும் புதியது கால் பங்கும். அடுத்த இரண்டு மூன்று நாள் பாதிக்குப் பாதி. பின்பு கால், முக்கால் என்று 7 முதல் 10 நாளில் முழுவதும் மாற்றிவிடலாம். இடையில் மலம் இளகினால் முந்தின அளவுக்கே திரும்பி இரண்டொரு நாள் பொறுக்க வேண்டும். சோற்றின் ஈரத்தில் வளர்ந்த நாய்க்கு உலர்தீனி தாகத்தை மிகுவிக்குமாதலால், சட்டியில் தண்ணீர் வற்றலாகாது. பாலை ஊற்றி ருசி காட்ட நினைப்பவர்கள், பால்குடி மறந்த நாய்களில் பலவற்றுக்குப் பால்சர்க்கரை செரிப்பதில்லை என்பதை அறிவார்களாக. அதைக் காட்டிலும் மோர் ஒத்துக்கொள்ளும். வெங்காயம் கிடந்த சாம்பார் சாதம் மட்டும் கூடவே கூடாது. அது நாயின் இரத்தத்துச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

தீனி காரணமல்லாதபோது

வளர்ந்த நாய் சுறுசுறுப்புக் குறையாமல் ஓரிரு நாள் இளகிப் போவதற்குக் கலவரப்படத் தேவையில்லை. குழைய வடித்த சோற்றோடு, தோலும் எலும்பும் நீக்கி உப்பும் மசாலையுமின்றி வேகவைத்த கோழிக்கறியைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் சரியாகிவிடும். நமக்கு வாங்கி வைத்த மாத்திரையை அதன் வாயில் திணிப்பது விபரீதம்.

ஆனால் நெல்வயல் சூழ்ந்த நாட்டில் எல்லாக் கழிச்சலையும் தீனியின் கணக்கில் எழுதிவிட முடியாது. வயலெலியின் சிறுநீர் கலந்த தேங்குநீரால் பரவும் எலிக்காய்ச்சலும், எலிக்கு வைத்த துத்தநாக பாஸ்பைடும், தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொண்டுபோகும் பார்வோ நோயும் வாந்தியோடுதான் தலைகாட்டும். மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, கண்ணில் மஞ்சள், பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் நிற்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. போகும்போது தீனிப்பையையும், மலத்தில் சிறிதை ஒரு டப்பாவிலும் எடுத்துக்கொண்டு, ஆகாரம் மாற்றிய நாள் எது, கழிச்சல் கண்ட நாள் எது, அக்கம்பக்கத்து வயலில் எலிமருந்து வைத்தார்களா என்பதையெல்லாம் கேட்டறிந்து செல்வது வைத்தியருக்குப் பாதி வேலையைக் குறைக்கும்.