அம்மா... அவர் நிஜமா வர்றாரா?

டொக்! டொக்! டொக்!

டிசம்பர் 5-ம் தேதி. பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. வெளியே கடுங்குளிர். வாசல் கதவை யாரோ ஓங்கித் தட்டுகிறார்கள். குழந்தைகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிக் கதவைத் திறக்கிறார்கள். ஆள் யாரும் இல்லை! வாசற்படியில் பெரிய கோணிப்பை ஒன்று மட்டும் உட்கார்ந்திருக்கிறது. பை நிறையப் பரிசுப் பொட்டலங்கள்.

நீங்கள் நெதர்லாந்தில் குடியிருக்கும் ஓர் அம்மா என்று கொஞ்ச நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் தட்டிவிட்டு இருட்டுக்குள் ஓடி மறைந்தவர் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஏற்பாடு செய்ததே நீங்கள்தானே! உங்கள் நாலு வயசுப் பெண் ஆனந்தத்தில் குதிக்கிறாள். ஏழு வயசுப் பையன் மட்டும் குதிக்கவில்லை. பையைப் பார்க்கிறான். அப்புறம் உங்களைப் பார்க்கிறான். ராத்திரி போர்வைக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்கிறான்:

"அம்மா... சின்டர்கிளாஸ் நிஜமாவே இருக்காரா? இல்ல, எல்லாம் நீயும் அப்பாவும்தானா?"

என்ன சொல்வீங்க? 'இருக்காருடா கண்ணா' என்றால் பொய். 'இல்லை' என்றால் அந்தச் சின்ன முகம் வாடிவிடுமோ என்று பயம். டச்சுக்காரர்களின் வீடுகளில் ஒவ்வொரு குளிர்காலமும் எழும் கேள்வி இது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, குழந்தை வளர்க்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

யார் இந்த சின்டர்கிளாஸ்?

நமக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு இவர் பெரியப்பா முறை! 'சான்டா கிளாஸ்' என்ற பெயரே டச்சு மொழியின் 'சின்டர்கிளாஸ்' அமெரிக்காவுக்குப் போய் மருவியதுதான். ஆனால் இவர் குண்டுத் தாத்தா அல்ல. நீண்ட வெள்ளைத் தாடி, சிவப்பு அங்கி, தலையில் உயரமான கிரீடம் போன்ற தொப்பி, கையில் செங்கோல். கம்பீரமான பிஷப்!

மூலக்கதை 4-ம் நூற்றாண்டுக்குப் போகிறது. இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மைரா என்ற ஊரின் பிஷப், நிக்கோலஸ். அவரைப் பற்றிய கதைகளில் ஒன்று நம் மனசை உடனே தொடும். ஓர் ஏழைத் தகப்பனுக்கு மூன்று பெண்கள். வரதட்சணை கொடுக்க வழியில்லை. கல்யாணம் ஆகாவிட்டால் பெண்களின் வாழ்க்கை சீரழிந்துபோகும் நிலைமை. விஷயம் தெரிந்த நிக்கோலஸ், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் வந்து, ஜன்னல் வழியாகப் பொன் முடிச்சை உள்ளே எறிந்துவிட்டுப் போய்விட்டாராம். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு முடிச்சு. மூன்றாம் முறை தகப்பன் துரத்திப் பிடித்துவிட, 'இதை யாரிடமும் சொல்லாதே' என்று கேட்டுக்கொண்டாராம்.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் தேவைப்படும்.

மூன்று வாரத் திருவிழா!

நவம்பர் 11-க்குப் பிறகு வரும் முதல் சனிக்கிழமை, சின்டர்கிளாஸ் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வந்து இறங்குகிறார். ஆண்டுக்கு ஓர் ஊர். நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும். 1952-லிருந்து இந்த வருகை டி.வி.யில் ஒளிபரப்பாகிறது. 2001-லிருந்து, அவர் நாட்டில் இருக்கிற நாட்களில் குழந்தைகளுக்கென்று 'சின்டர்கிளாஸ் செய்தி' வேறு! 'கப்பல் வழி தவறிவிட்டது', 'பரிசுகளைக் காணோம்' என்று பரபரப்பான செய்திகள்.

கப்பல், ஸ்பெயின் எல்லாம் எங்கிருந்து வந்தன தெரியுமா? 1850-ல் யான் ஷென்க்மன் என்ற ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் எழுதிய படப்புத்தகம்தான் அவற்றை ஊரெல்லாம் பரப்பியது. பழைய பண்டிகைக்குள், அந்தக் காலத்துப் புது அதிசயமான நீராவிக் கப்பலை ஏற்றிவிட்டார் வாத்தியார்!

சின்டர்கிளாஸ் வந்த பிறகு, அம்மா அப்பா அனுமதிக்கிற நாட்களில், குழந்தைகள் தூங்கப்போகும் முன் ஒரு ஷூவை அடுப்பங்கரைப் புகைபோக்கி பக்கத்திலோ, ஹீட்டர் அருகிலோ வைப்பார்கள். அதற்குள் அவருடைய வெள்ளைக் குதிரைக்கு ஒரு கேரட், இல்லாவிட்டால் கொஞ்சம் வைக்கோல். ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் படுத்துவிட வேண்டும். கூரை மேலேயே ஓடிவரும் குதிரை அது! காலையில் கேரட் மாயம். அதற்குப் பதில் ஒரு ஆரஞ்சு, அல்லது குழந்தையின் பெயரின் முதல் எழுத்து வடிவத்தில் சாக்லேட், அல்லது கோலிக்குண்டு அளவில் ஒரு கை மொறுமொறு பிஸ்கட்.

அந்த பிஸ்கட்டைக் கடித்தால் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் வாசனை தூக்கும். 17-ம் நூற்றாண்டில் இலங்கையின் பட்டை வியாபாரத்தைத் தன் பிடியில் வைத்திருந்தது டச்சுக் கம்பெனிதான் என்பது நினைவிருக்கட்டும்!

டிசம்பர் 5-ம் தேதி மாலை பெரிய பரிசுப் பை. அப்புறம் தாத்தா ஸ்பெயினுக்குத் திரும்பிவிடுவார்.

பொய்யா? விளையாட்டா?

'குழந்தைகிட்ட பொய் சொல்லாதேன்னு சொல்லிட்டு, நாமே இப்படி நாடகம் ஆடலாமா?' - நியாயமான கேள்வி. 2016-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' என்ற மருத்துவ இதழில், கிறிஸ்டோபர் பாய்ல், கேத்தி மெக்கே என்ற இருவர் இதே கேள்வியை எழுப்பினார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா விஷயத்தில் பெற்றோர் சொன்னது பொய் என்று தெரியும்போது, 'வேற எதிலெல்லாம் பொய் சொல்லியிருப்பாங்க?' என்ற சந்தேகம் குழந்தைக்கு வராதா என்பது அவர்கள் கவலை.

ஆனால் குழந்தைகளையே கேட்டுப் பார்த்தபோது வந்த பதில் சுவாரசியமானது. அமெரிக்காவில் ஆண்டர்சன், பிரென்டிஸ் என்ற ஆய்வாளர்கள் 1994-ல் வெளியிட்ட ஆய்வு இது. கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமில்லை என்பதைக் குழந்தைகள் பெரும்பாலும் சுமார் ஏழு வயதில் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடித்ததில் அவர்களுக்குப் பெரும்பாலும் சந்தோஷம்தான்! வருத்தப்பட்டது யார் தெரியுமா? பெற்றோர்! 'ஐயோ, நம்ம குழந்தை வளர்ந்துட்டானே' என்ற ஏக்கம்.

இதில் ஆச்சரியம் இல்லை. நாலு வயசில் கற்பனையும் நிஜமும் ஒன்றோடொன்று கலந்தே இருக்கும். ஆறு, ஏழு வயசில் மூளை கணக்குப் போட ஆரம்பிக்கிறது. 'ஒரே ராத்திரியில் இத்தனை வீட்டுக்கு எப்படிப் போவார்? தாத்தாவின் கையெழுத்து ஏன் அப்பாவுடையது மாதிரி இருக்கு?' - இந்தத் துப்பறியும் வேலை ஆரோக்கியமான வளர்ச்சி. அதைத் தடுப்பதுதான் தப்பு.

எல்லாக் குழந்தைக்கும் இது சுமுகமாக முடிவதில்லை. சிலருக்கு வருத்தமும் கோபமும் வரும். பெரும்பாலும் சீக்கிரம் ஆறிவிடும். வயது ஏறிய பிறகு, திடீரென்று, யாரோ முகத்துக்கு நேராகப் போட்டு உடைக்கும்போதுதான் வலி கூடுதல்.

பயமுறுத்தினால் வம்பு!

சின்டர்கிளாஸ் கையில் ஒரு பெரிய புத்தகம் உண்டு. வருஷம் முழுக்கக் குழந்தை செய்த நல்லது, கெட்டது எல்லாம் அதில் பதிவாகியிருக்குமாம். முன்பெல்லாம், சமர்த்தாக இல்லாத குழந்தைக்குப் பிரம்படி, ரொம்பவும் குறும்பு செய்தால் கோணியில் போட்டு ஸ்பெயினுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்றெல்லாம் மிரட்டுவார்கள். 'சாப்பிடலைன்னா பூச்சாண்டி வந்து பிடிச்சுக்குவான்' என்று நாம் சொல்கிறோமே, அதே ரகம்.

இங்கேதான் விளையாட்டு பொய்யாக மாறுகிறது. பரிசு வரும் என்று நம்பும் குழந்தைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. 'என்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க' என்று நம்பும் குழந்தை, ராத்திரி விழித்துக்கொண்டு கிடக்கும். இருட்டைக் கண்டு பயப்படும். மிரட்டலுக்காக அடங்கும் குழந்தை, மிரட்டல் பொய் என்று தெரிந்த அன்று உங்கள் சொல்லையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும். நல்லவேளை, இப்போது மிரட்டல் பெரும்பாலும் குறைந்துவிட்டது.

பாரம்பரியம் மாறலாமா?

மாறியே ஆகவேண்டிய ஒன்றும் இதில் இருந்தது. தாத்தாவுக்கு 'பீட்' என்ற உதவியாளர்கள் உண்டு. வெள்ளைக்காரர்கள் முகம் முழுக்கக் கறுப்புச் சாயம் பூசி, சுருட்டை விக் வைத்து, உதட்டைச் சிவப்பாக்கி அந்த வேஷம் போட்டார்கள். ஷென்க்மன் புத்தகத்தில் கறுப்பு வேலைக்காரன் வந்தது 1850-ல். நெதர்லாந்து தன் சுரினாம், கரீபியன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்ததோ 1863-ல்! 'குழந்தைகள் பண்டிகைதானே' என்று பலர் சிரித்துக்கொண்டிருந்தபோது, கறுப்பினக் குழந்தைகள் அந்தப் பெயரால் கேலிக்கு ஆளானார்கள்.

2011-ல் டோர்ட்ரெக்ட் நகரில், இது இனவெறி என்று எழுதிய பனியன் அணிந்து நின்றவர்களைப் போலீஸ் கைது செய்தது. வாக்குவாதம் வருஷக்கணக்கில் நடந்தது. கடைசியில் 2019-லிருந்து டி.வி.யில் வரும் தேசிய வரவேற்பில், புகைபோக்கி வழியே இறங்கியதால் முகத்தில் ஆங்காங்கே கரி ஒட்டிய பீட் மட்டும்தான். பண்டிகை நின்றுபோகவில்லை. பரிசுப் பையும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு குழந்தையின் சந்தோஷம் இன்னொரு குழந்தையின் அவமானமாக இருக்கவேண்டிய அவசியமில்லையே!

நம்பிக்கை போனபின்தான் விசேஷம்!

இப்போது அந்த ஏழு வயசுப் பையனிடம் வருவோம். உண்மை தெரிந்துவிட்டது. அத்தோடு பண்டிகை முடிந்ததா? இல்லை! பதவி உயர்வு கிடைக்கிறது!

நம்பிக்கை கலைந்த குழந்தைகள் இன்னொரு கட்சிக்கு மாறிவிடுகிறார்கள். பள்ளிகளில் சுமார் எட்டு, ஒன்பது வயதிலிருந்து சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யார் பெயர் உங்களுக்கு வருகிறதோ, அவருக்கு நீங்கள்தான் ரகசிய சின்டர்கிளாஸ். பரிசை அப்படியே நீட்டக்கூடாது. அட்டை, காகிதக்கூழ், பசை வைத்து ஒரு வேடிக்கைப் பொருள் செய்து அதற்குள் ஒளிக்க வேண்டும். பந்து விளையாட்டுப் பைத்தியத்துக்கு ஒரு பெரிய காகிதப் பந்து! கூடவே அவரைக் கேலி செய்து நீங்களே எழுதிய பாட்டு. பரிசு பெறுபவர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்த பிறகுதான் பிரிக்கலாம். அடியில் கையெழுத்து: 'சின்டர்கிளாஸ்'! பெரியவர்களும் வீட்டில் இதையே செய்கிறார்கள்.

நிக்கோலஸ் கேட்டுக்கொண்டது என்ன? 'யாரிடமும் சொல்லாதே.' கொடுத்தது யார் என்று தெரியாமல் கொடுப்பதுதான் பண்டிகையின் உயிர். நம்புகிற வயசில் குழந்தை அதை வாங்கி அனுபவிக்கிறது. நம்பிக்கை போன வயசில் கொடுத்து அனுபவிக்கிறது. அதனால்தான் 'ஏமாத்திட்டாங்க' என்ற எண்ணம் நீண்ட நாள் நிற்பதில்லை. 'என்னையும் பெரியவங்க கூட்டத்தில சேர்த்துக்கிட்டாங்க' என்ற பெருமை வந்துவிடுகிறது.

குழந்தை கேட்டால் என்ன செய்யலாம்?

* முதலில் திருப்பிக் கேளுங்கள்: "உனக்கு என்ன தோணுது?" பதிலிலேயே, அதற்கு விளையாட்டு வேண்டுமா, உண்மை வேண்டுமா என்பது புரிந்துவிடும்.

* கண்ணைப் பார்த்து, இரண்டாம் முறையும் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். புதுப்புதுப் பொய்களைக் கட்டாதீர்கள்.

* சிரிக்காதீர்கள். "இவ்வளவு நாள் நம்பினியா?" என்ற கேலி, உண்மையைவிட அதிகமாக வலிக்கும்.

* அழுதால் அழட்டும். 'இதுக்கெல்லாமா அழுவாங்க' என்று அதட்டாமல், பக்கத்தில் உட்காருங்கள்.

* தானாக நம்பாத குழந்தையை நம்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். நம்புகிற குழந்தையிடம் வலியப் போய் உடைக்கவும் வேண்டாம்.

* தாத்தா, பூச்சாண்டி, சாமி - யார் பெயரைச் சொல்லியும் மிரட்டாதீர்கள்.

* பரபரப்பில் தூக்கமும், இனிப்பில் பல்லும் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேரட் குதிரைக்கு மட்டும் அல்ல!

அந்த டச்சு அம்மாவாக இருந்து, இப்போது பதில் சொல்லுங்கள் பார்க்கலாம்.

"நீ கண்டுபிடிச்சது சரிதான் கண்ணா. நாங்கதான். ஆனா தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. அடுத்த வருஷம் கதவைத் தட்டிட்டு ஓடறதுக்கு ஓர் ஆள் வேணும். நீ வர்றியா?"

அந்த முகம் வாடுகிறதா, மலர்கிறதா என்று பாருங்கள்!